விற்பனைக் குழு கொடுத்த தேதியும் மென்பொருளின் தரமும்: எதை விட்டுக்கொடுக்கலாம், யார் முடிவெடுப்பது?

குழுத்தலைவர் (கேள்வி)

வணக்கம். நிறுவனங்களுக்கான பில்லிங், கணக்கு மென்பொருளை உருவாக்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் டெவலப்மென்ட் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பெரிய வாடிக்கையாளர் ஒருவருடனான ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அவர்களுடைய பழைய இன்வாய்ஸ்களை ஒரே கோப்பாக மொத்தமாக ஏற்றிக்கொள்ளும் வசதி இந்தக் காலாண்டு முடிவதற்குள் வந்துவிடும் என்று எங்கள் விற்பனைக் குழு வாக்குக் கொடுத்துவிட்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. தேதி எங்கள் காதுக்கு எட்டியபோது அது ஒப்பந்தத்தில் ஒரு வரியாக ஏறிவிட்டிருந்தது.

வசதி இப்போது ஓரளவு இயங்குகிறது. நல்ல கோப்பைக் கொடுத்தால் தடையின்றி ஏற்றிக்கொள்கிறது. டெமோவில் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் கோப்பின் நடுவே ஏதாவது ஒரு வரியில் தேதி பிழையாக இருந்தால், அதற்கு முன்புள்ள வரிகள் டேட்டாபேஸில் பதிவாகிவிடுகின்றன, பின்புள்ளவை பதிவாவதில்லை. பயனர் அந்த வரியைத் திருத்திக் கோப்பை மறுபடி ஏற்றினால் முதல் பாதி இன்வாய்ஸ்கள் இரண்டு முறை பதிவாகும். ஏற்றப்படும் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எங்கள் மென்பொருள் புதிய எண் கொடுப்பதால், எது நகல் என்று பிறகு கண்டுபிடிக்கவும் வழியில்லை. இதைச் சரிசெய்யவும் அதற்குரிய டெஸ்ட்களை எழுதவும் அவகாசம் கேட்டால், "முதலில் வெளியிடுவோம், அடுத்த ரிலீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே மேலிடத்தின் பதில். இதற்கிடையே சிறிய வாடிக்கையாளர்கள் பலர் சொல்லிவரும் ஒரு பிழை, வரித்தொகையின் தசமங்களைச் சுருக்கும்போது வரும் ரவுண்டிங் பிழை, ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் (குறுகிய வேலைச்சுற்றிலும்) பட்டியலின் அடிக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

என் குழுவில் உள்ள இளையவர்களோ, எல்லா டெஸ்ட்களும் எழுதி முடியும்வரை எதையும் வெளியிடக் கூடாது என்கிறார்கள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை; இந்த ஒப்பந்தம் கைநழுவினால் குழுவின் சம்பளமே கேள்விக்குறியாகும் அளவுக்குச் சிறிய நிறுவனம் இது. ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் இந்த நிலையில், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நீங்கள் எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? அந்தத் தீர்மானம் யாருடையதாக இருக்க வேண்டும்?

நடுவரிசை

விற்பனைக்கும் டெவலப்மென்ட்டுக்கும் நடுவில் உட்காரும் ப்ராடக்ட் மேனேஜர் வேலையைச் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு பிழை வெளியே போன பிறகு அதன் விளைவைத் திரும்பப் பெற முடியுமா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. திரை மெதுவாக வருகிறது, பொத்தான் வசதியற்ற இடத்தில் இருக்கிறது, பிழைச்செய்தி புரியவில்லை என்றால் பயனர் எரிச்சலடைவார். அப்டேட் அனுப்பியதும் அந்த எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். இரட்டிப்பான இன்வாய்ஸ் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கோடை, அதாவது நிரலை, திருத்தினாலும் ஏற்கெனவே பதிவான தவறான தரவு அங்கேயே இருக்கும். அதற்குள் அதை வைத்து நினைவூட்டல் மின்னஞ்சல்கள் போயிருக்கும், வரிக் கணக்கு தாக்கலாகியிருக்கும், யாராவது ஒருவர் இரண்டு முறை பணம் செலுத்தியும் இருப்பார். ஒரே நபருக்கு ஒரே தொகைக்கு ஒரே நாளில் இரண்டு உண்மையான இன்வாய்ஸ்கள் இருப்பதும் இயல்பானதே என்பதால், பிறகு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நகல்களை நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கையும் பொய்த்துவிடும். எனவே அந்தப் பாதிப்பதிவுப் பிழையோடு வெளியிட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதே சமயம் தேதியைத் தள்ளச் சொல்லவும் மாட்டேன். வசதியின் அகலத்தைக் குறையுங்கள். முழுக் கோப்பையும், எல்லாம் பதிவாக வேண்டும் இல்லையேல் எதுவும் பதிவாகக் கூடாது என்ற ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, ஒரு வரி தவறினாலும் மொத்தமும் ரோல்பேக் ஆகும்படி, அதாவது ஏற்றுவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பும்படி, செய்வது, தவறிய வரிகளை மட்டும் பிரித்துக் காட்டித் திருத்தச் சொல்லும் அழகான திரையைக் கட்டுவதைவிட மிகச் சிறிய வேலை. கோப்பு பெரிதானால் அந்த ஒரே டிரான்சாக்‌ஷன் மற்றவர்களை நெடுநேரம் காக்க வைக்கும் என்பது உண்மைதான். அதற்கு ஒரு கோப்பில் இத்தனை வரிகள்தான் என்று வரம்பு வைத்துவிடலாம். பழைய இன்வாய்ஸ் எண்ணைத் தனிப் புலமாகச் சேமித்து அதன்மேல், ஒரே எண்ணை இருமுறை பதிய விடாத யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற விதியை வைத்தால், அதே கோப்பு இரண்டாம் முறை வந்தாலும் டேட்டாபேஸே மறுத்துவிடும். எக்ஸெல் வேண்டாம், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பு) மட்டும் போதும். பத்து வகைத் தேதி வடிவங்களை ஊகித்துப் புரிந்துகொள்ளும் சாமர்த்தியமும் இப்போது வேண்டாம். ஒரே வடிவத்தை ஏற்று, மற்றவற்றைப் பதிவு தொடங்கும் முன்பே நிராகரியுங்கள். விற்பனைக் குழு வாக்குக் கொடுத்தது "மொத்தமாக ஏற்றும் வசதி" என்றுதானே ஒழிய, உங்கள் குழு மனத்தில் வரைந்து வைத்திருக்கும் அத்தனை அம்சங்களையும் அல்லவே. டெஸ்ட்களையும் இதே அளவுகோலில் வரிசைப்படுத்துங்கள்: தரவைத் தொடும் பாதைகளுக்கு முதலில், திரைக்குக் கடைசியில்.

"அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்பதை டெக்னிக்கல் டெட் (தொழில்நுட்பக் கடன்) என்ற பெயரில் நியாயப்படுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. வார்ட் கன்னிங்ஹாம் என்ற மென்பொருள் உருவாக்குநர் 1992இல், வைகேஷ் என்ற நிதி முதலீட்டு மேலாண்மை மென்பொருளை உருவாக்கிய அனுபவத்தை எழுதியபோது இந்தக் கடன் உவமையைக் கையாண்டார். முதல் முறை எழுதிய கோடை வெளியிடுவது கடன் வாங்குவதைப் போன்றது. விரைவில் திருத்தி எழுதி அடைத்தால் அந்தக் கடன் வேலையை வேகப்படுத்தும், அடைக்காமல் விட்டால் வட்டி ஏறும் என்பது அவர் வாதம். அலட்சியமாகக் கோடு எழுதுவதற்கு இதை அனுமதியாகக் கொள்ளக் கூடாது என்று பிற்காலத்தில் அவரே விளக்கமும் தந்தார். அந்த உவமைக்குள் நின்றே பார்த்தாலும், குழப்பமான கோடு நாம் வாங்கிய கடன், அதன் வட்டியையும் நாமே கட்டுகிறோம். வாடிக்கையாளரின் கணக்கில் தவறான தரவைப் பதிவது அவர் பெயரில் அவருக்குத் தெரியாமல் நாம் எழுதிவைத்த கடன்.

ரவுண்டிங் பிழை பற்றி ஒரு வார்த்தை. அது அடிக்குத் தள்ளப்படுவதற்குக் காரணம், அந்தச் சிறிய வாடிக்கையாளர்களுக்காகப் பேச உங்கள் திட்டமிடல் கூட்டத்தில் ஆள் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். சப்போர்ட் குழுவிலிருந்து ஒருவரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் பாருங்கள். பிழைகளைத் தள்ளிப்போடுவதில் பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல: புதிய வசதிக்கும் பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வதற்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பில் கேட்ஸ் மைக்ரோசாஃப்ட் ஊழியர்களுக்கு எழுதியது 2002 ஜனவரியில்; அதையடுத்து விண்டோஸ் குழுவின் வழக்கமான வேலை நிறுத்தப்பட்டு, இருக்கும் கோடைப் பரிசோதிக்கும் பணி தொடங்கியது. 2001இல் கோட் ரெட், நிம்டா ஆகிய வோர்ம்கள் (தானாகப் பரவும் தீநிரல்கள்) அவர்களுடைய வாடிக்கையாளர்களை ஒரு வழி பண்ணிய பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது.

கையொப்பம்

விற்பனைப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் ஒலிக்கட்டும் என்று எழுதுகிறேன். மேலே நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தேதி என்பது விற்பனைக்காரர்களின் பேராசையால் மட்டும் பிறப்பதாக இந்த உரையாடல் போய்விடக் கூடாது. வாங்கும் நிறுவனத்தில் ஒதுக்கப்பட்ட நிதி, ஆண்டு முடிந்தால் திரும்பப் போய்விடும். அங்கே நம் மென்பொருளுக்காக உள்ளுக்குள் வாதாடிய அதிகாரி, தன் மேலதிகாரியிடம் ஒரு தேதி சொல்லியிருப்பார். அது தவறினால் அவருடைய சொல்லுக்கு மதிப்புக் குறையும். அடுத்த முறை நமக்காக வாதாட அவர் முன்வர மாட்டார். தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. பக் பட்டியலில் அது எண்ணிட்டு எழுதப்படாததால் டெவலப்பர்களின் கண்ணில் படுவதில்லை.

எனக்கு டெவலப்மென்ட் குழுவிடம் உள்ள மனக்குறை அவர்கள் "முடியாது" என்பதல்ல. "இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் நான் என்ன பேசுவது? "சிஎஸ்வி மட்டும், இத்தனை வரிகள்வரை, ஒரே தேதி வடிவம், கேட்ட தேதியில் கிடைக்கும், எக்ஸெல்லும் வரிவாரித் திருத்தமும் வேண்டுமானால் அதற்கடுத்த காலாண்டு" என்று எழுதிக் கொடுத்தால் அதை நான் விற்றுவிடுவேன். முன்கூட்டியே தெரிவித்த வரம்பைப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அவர்களாகவே கண்டுபிடிக்கும் குறையைத்தான் மன்னிப்பதில்லை. கோப்பில் ஒரு வரி பிழையானால் நகல் பதிவாகும் என்ற செய்தி எங்கள் குழுவின் காதுக்கு வராமலே "டெஸ்டிங்குக்கு நேரம் வேண்டும்" என்று மட்டும் வந்தால், நாங்கள் அதை வழக்கமான தயக்கமாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பல நிறுவனங்களில் விற்பனைக் கமிஷன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே கணக்காகிவிடுகிறது. வசதி ஒழுங்காக வேலை செய்கிறதா, வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் புதுப்பிக்கிறாரா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. கமிஷனில் ஒரு பகுதியை வாடிக்கையாளர் உண்மையில் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு தருவதாக விதி இருந்தால், டெவலப்மென்ட்டைக் கேட்காமல் தேதி கொடுக்கும் பழக்கம் தானாகக் குறையும். இதைக் குழுத்தலைவர் மாற்ற முடியாது; ஆனால் நிறுவனத்தை நடத்துபவரிடம் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

ரவுண்டிங் விஷயத்தில் மட்டும் நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. தசமத்தில் இரண்டாம் இடத்தில் வரும் வேறுபாட்டுக்காக ஒப்பந்த வேலையை நிறுத்தச் சொன்னால் எந்த நிர்வாகமும் கேட்காது.

இரவுப்பணி

ப்ரொடக்‌ஷன் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும், எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்கும் ஆன்-கால் குழுவில் இருக்கிறேன். பகலில் எடுக்கப்படும் முடிவுகள் எங்களுக்கு இரவில் வந்து சேரும்.

முதலில் அந்த ரவுண்டிங்கைப் பார்த்துவிடலாம். ஒரு இன்வாய்ஸில் மூன்று பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் வரித்தொகை 3.334 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே ரவுண்ட் செய்து கூட்டினால் 9.99 வரும்; கூட்டிய பிறகு ரவுண்ட் செய்தால் 10.00. வேறுபாடு அற்பம்தான். ஆனால் திரையில் ஒரு முறையும் அறிக்கையில் இன்னொரு முறையும் கையாளப்பட்டால், இரண்டு கூட்டுத்தொகைகளும் பல நேரங்களில் ஒத்துப்போகாது. கணக்காளர் அந்த 0.01ஐத் தேடி அரை நாளைத் தொலைப்பார், தேடிக் களைத்த பிறகு மென்பொருளின் எந்த எண்ணையும் நம்ப மாட்டார். புதிதாக ஆயிரக்கணக்கான பழைய இன்வாய்ஸ்களை ஏற்றப்போகும் பெரிய வாடிக்கையாளர், தம் பழைய மென்பொருளின் மொத்தத்தோடு இதன் மொத்தத்தை ஒப்பிடாமல் இருப்பாரா? "சிறியவர்களின் புகார்" என்று நீங்கள் ஒதுக்கிய பிழை, ஒப்பந்த வேலையின் முதல் நாளிலேயே எதிரே வந்து நிற்கும். கையொப்பம் அவர்கள் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.

அடுத்து, டெஸ்டிங்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வெளியிடும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குவர்த்தக நிறுவனத்துக்கு நடந்ததைப் பலர் அறிந்திருப்பீர்கள். நியூயார்க் பங்குச்சந்தையின் புதிய திட்டம் ஒன்று அன்று தொடங்குவதால் அதற்கான கோடு குறித்த நாளில் தயாராக இருந்தாக வேண்டும். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய கோடு ஏற்றப்பட்டது; அதை இன்னொருவர் சரிபார்க்கும் நடைமுறை இல்லை. புதிய கோடு பயன்படுத்திய ஃபிளாக் (ஒரு வசதியை இயக்கும் சுவிட்ச் போன்றது), பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத, ஆனால் நீக்கப்படாத பழைய வசதி ஒன்றுக்கு உரியது. எட்டாவது சர்வரில் அந்தப் பழைய வசதி உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. காரணம் புரியாமல் ஏழு சர்வர்களிலிருந்து புதிய கோடை அகற்றியதால் அவற்றிலும் பழைய வசதி விழித்துக்கொண்டு நிலைமை மோசமானது. உபயோகமற்ற கோடை நீக்குவது, இன்னொருவர் சரிபார்ப்பது, உடனே நிறுத்த ஒரு வழி வைப்பது என்று அங்கே விடுபட்ட எல்லாமே, தேதி நெருங்கும்போது நாமும் முதலில் வெட்டும் வேலைகள்.

உங்கள் வசதியை முதலில் அந்த ஒரே வாடிக்கையாளருக்கு மட்டும் ஃபீச்சர் ஃபிளாக் வழியே திறந்துவிடுங்கள். அவர்களுக்கும் முதல் ஏற்றம் சோதனைக்கான நகல் டேட்டாபேஸில் நடக்கட்டும்; மொத்தங்கள் ஒத்துப்போனபின் உண்மையான டேட்டாபேஸுக்கு வாருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு அப்டேட், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அந்த வகை அப்டேட் படிப்படியாக அனுப்பப்படாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததே சேதம் அவ்வளவு பரவியதற்குக் காரணம். படிப்படியாகத் திறப்பதற்குத் தேதியைத் தள்ள வேண்டியதில்லை என்பதால், விற்பனைத் தரப்பும் இதை எதிர்க்கக் காரணம் இருக்காது.

தரமா வேகமா என்ற சண்டையை ஒவ்வொரு ரிலீஸிலும் புதிதாகப் போடாமலிருக்க கூகுளில் சேவைகள் தடையின்றி இயங்குவதைக் கவனிக்கும் எஸ்ஆர்இ குழுக்கள் பரப்பிய எர்ரர் பட்ஜெட் முறையும் உதவும். சேவை 99.9 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்டால், 30 நாள்களில் சுமார் 43 நிமிடம் முடங்கலாம் என்று பொருள். அந்த 43 நிமிடம் மிச்சமிருக்கும்வரை புதிய வசதிகளை வெளியிடலாம். தீர்ந்துவிட்டால் பிழைத்திருத்தங்கள் மட்டுமே. யாருடைய குரல் ஓங்கியது என்று பார்க்காமல் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆனால் ஒன்று: சேவை முழு மாதமும் ஒரு நொடிகூட முடங்காமல், நாள்தோறும் நகல் இன்வாய்ஸ்களைப் பதிந்துகொண்டும் இருக்கலாம். அந்த பட்ஜெட்டில் அது தெரியவே தெரியாது. தரவு பிழைபடுவதற்கு பட்ஜெட் பூஜ்யம் என்று தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழுத்தலைவர்

மூவருக்கும் நன்றி. அகலத்தைக் குறைத்து, டிரான்சாக்‌ஷனையும் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டையும் சேர்த்து, நகல் டேட்டாபேஸில் முதல் ஏற்றம் என்ற திட்டத்தை விற்பனைக் குழுவிடம் கொண்டுபோனேன். கையொப்பம் அவர்கள் சொன்னபடியே, வரம்புகளை எழுதிக் கொடுத்ததும் பேச்சு எளிதாகிவிட்டது. ரவுண்டிங்கையும் இதே வேலைக்குள் சேர்த்துக்கொள்ள ஒப்புதல் கிடைத்தது. மொத்தங்கள் ஒத்துப்போகாவிட்டால் வாடிக்கையாளர் ஏற்க மாட்டார் என்ற வாதம்தான் அங்கே எடுபட்டது.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இந்த முறை விட்டுக்கொடுக்கக் கூடாத பிழை எது என்பது தெளிவாகத் தெரிந்தது. அப்படித் தெளிவாகத் தெரியாத ஒன்றில், எங்கள் குழு "வேண்டாம்" என்றும் நிர்வாகம் "வெளியிடு" என்றும் நின்றால், யார் சொல் செல்ல வேண்டும்?

நடுவரிசை

நிர்வாகத்தின் சொல்தான். நிறுவனத்தின் பணத்துக்கும் வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தத்துக்கும் அவர்கள்தாம் பொறுப்பு என்பதால், எந்த இழப்பைத் தாங்கலாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கே உண்டு. ஆனால் என்ன தெரிந்து அந்த முடிவை எடுத்தார்கள் என்பது உங்கள் பொறுப்பு. குழுக்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். எச்சரிக்கையை வெளிப்படையாகச் சொல்லாமல், எஸ்டிமேட்டில் சில நாள்களை ரகசியமாகக் கூட்டிவைத்துத் தரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். மேலிடம் அந்த எஸ்டிமேட்டைப் பாதியாக்கும்போது வெட்டப்பட்டது டெஸ்டிங் என்பது வெட்டியவருக்கே தெரியாது. தரத்தைக் குறைக்கும் முடிவை யாரும் எடுக்காமலே தரம் குறைந்துபோகிறது.

ஆகவே அந்த வேலைக்கான டிக்கெட்டிலேயே (பணிப் பதிவிலேயே) நான்கைந்து வரிகள் எழுதுங்கள்: என்ன பிழை, யாரைப் பாதிக்கும், நடந்தால் நமக்கு எப்படித் தெரியவரும், எப்படிப் பின்வாங்குவது, எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும். கீழே ஏற்றுக்கொள்பவரின் பெயர். பெயரை எழுதச் சொன்னதும் "அடுத்த ரிலீஸில்" என்பது உறுதியான ஒரு தேதியாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். சில வேளைகளில் முடிவே மாறுவதையும். உயிருக்கோ பிறருடைய அந்தரங்கத் தரவுக்கோ ஆபத்து என்றால் மட்டும் இந்த நடைமுறை போதாது. அங்கே யார் கையெழுத்திட்டாலும் வெளியிடும் பொத்தானை அழுத்த மறுக்க உங்களுக்கு இடமுண்டு. பல துறைகளில் சட்டமும் உங்கள் பக்கம் நிற்கும்.

இரவுப்பணி

மேலே சொன்ன யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டில் ஒரு சிறு திருத்தம். பழைய இன்வாய்ஸ் எண்ணோடு வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஐடியையும் சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் இரண்டு நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பயன்படுத்தும் நாளில் இரண்டாமவரின் கோப்பு காரணமின்றி நிராகரிக்கப்படும். நிதியாண்டு தொடங்கும்போது எண்களை மீண்டும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும் நிறுவனங்களும் இருப்பதால், நிதியாண்டும் அதில் இருக்கட்டும்.